வரைந்ததைச் சொல்லவும் தெரிய வேண்டும்: புதிய ஃப்ரீலான்ஸ் ஓவியர்களுக்கு

நன்றாக வரையத் தெரிந்தும் வேலை வராமல் இருப்பவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். நாலைந்து நடிகர் முகங்கள், ஒரு கோயில் கோபுரம், பொங்கல் வாழ்த்து, பிறகு இரண்டு மாதம் எதுவும் இல்லை. திடீரென்று ஒரு நாள் 'வந்துவிட்டது!' என்று ஒரு புத்தக அட்டை. அட்டை மட்டும்தான் இவர் வரைந்ததா, உள்ளே இருக்கிற படங்களுமா, எழுதியது யார், இவருக்கு வேலை கொடுக்க எங்கே எழுத வேண்டும், எதற்கும் அங்கே விடை இருக்காது. ஒரு பதிப்பக ஆசிரியர் அந்தப் பக்கத்தில் அரை நிமிடம் நிற்பார், அடுத்தவர் பக்கத்துக்குப் போய்விடுவார்.

இந்தக் கட்டுரை வரையக் கற்றுக்கொடுக்காது. கதைக்கும் பத்திரிகைக்கும் குழந்தைகள் புத்தகத்துக்கும் படம் வரைந்து சம்பாதிக்கலாம் என்று இறங்கியிருப்பவர்கள், செய்த வேலையை அடுத்த வேலை வரும்படி எப்படி வெளியே சொல்வது என்பதற்கு மட்டும்தான் இது. விளம்பரம், சினிமா ஸ்டோரிபோர்டு எல்லாம் வேறு உலகம். அங்கே பணமும் அதிகம், ரகசியமும் அதிகம்.

புத்தகம் கைக்கு வந்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் இது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்போது யோசித்தால் கையில் அட்டையைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது. அதைக் காட்ட அனுமதி உண்டா என்பதும் தெரியாது. வேலை பேசுகிற முதல் போனிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும். கீழே சொல்லும் படிகளின் வரிசையும் அப்படித்தான்.

1. காட்ட ஒன்றுமே இல்லையென்றால்

முதல் வேலையே வராதவர் எதைக் காட்டுவது? நீங்களே உங்களுக்கு ஒரு வேலை கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் பட்டியல் நீளமானது. பாரதி, புதுமைப்பித்தன், கல்கி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஒரு சிறுகதையையோ பாட்டையோ எடுத்து, ஒரு பத்திரிகை நிஜமாகவே கேட்டதாக வைத்துக்கொண்டு, அளவு, கெடு தேதி எல்லாம் குறித்துக்கொண்டு வரையுங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதை நாட்டுடைமை ஆனதால் அதற்கு அன்று வந்த ஓவியங்களும் பொதுச் சொத்தாகிவிடவில்லை. இந்தியச் சட்டப்படி ஓவியரின் காப்புரிமை அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். கல்கியின் பாத்திரங்களை உங்கள் மனதில் தோன்றியபடி வரையலாம். கல்கி இதழில் ஓவியர் மணியம் வரைந்த படத்தைப் பார்த்து அதே முகம், அதே நிற்கும் கோணம், அதே நகை என்று எடுத்து வைக்க முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தமிழ்ப் பத்திரிகை உலகில் எவருக்கும் அந்த மூலம் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

என்ன வரைவது? தனிப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆசிரியரின் மனதில் ஓடும் கேள்விக்கு அது பதிலாகாது. மூன்றாம் பக்கத்தில் வருகிற பாட்டி பதினெட்டாம் பக்கத்திலும் அதே பாட்டியாக இருப்பாளா என்பதுதான் அவர் கவலை. அதனால் ஒரே கதையிலிருந்து தொடர்ச்சியாக மூன்று காட்சிகள் வரையுங்கள். அதே சிறுமி ஓடுகிறாள், முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள், அழுகிறாள். ஒரு காட்சியில் கூட்டம் இருக்கட்டும்; மாலை நேரத்து டவுன் பஸ் உள்ளே மாதிரி. கைகளைப் பாக்கெட்டுக்குள் ஒளிக்காமல் எதையாவது பிடிக்க வையுங்கள். கை வரையத் தயங்குகிறவரை அனுபவமுள்ள ஆசிரியர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பதிவிடும்போது 'சொந்த முயற்சி' என்று தெளிவாகப் போடுங்கள். பெரிய பத்திரிகையின் பெயர்ப் பலகையை மேலே ஒட்டி, அதில் வெளியானது போலத் தோன்றவைக்கிற வேலை வேண்டாம்.

2. வேலை பேசும்போதே

வாட்ஸ்அப்பில் 'சார், ஒரு புக்குக்கு படம் வேணும், எவ்ளோ ஆகும்?' என்று வரும். உடனே தொகை சொல்லாதீர்கள். எத்தனை படம், என்ன அளவு, எந்த மொழிகளில், எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள், எப்போது வேண்டும் என்று கேளுங்கள். போனில் பேசி முடித்த அன்றே பேசியதை மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். ஒரு 24 பக்கக் குழந்தைகள் புத்தகத்துக்கு அது ஏறத்தாழ இப்படி இருக்கும் (ஸ்ப்ரெட் என்பது எதிரெதிரே விரியும் இரண்டு பக்கம், ரஃப் என்பது முதல் கட்ட வரைவு):

"வணக்கம். போனில் பேசியதை எழுதுகிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள். 24 பக்கம், உள்ளே 11 ஸ்ப்ரெட், அட்டை தனி. அளவு 8.5 × 8.5 அங்குலம், நான்கு வண்ணம். ரஃப் செப்டம்பர் 10, ஃபைனல் அக்டோபர் 25. ரஃப் கட்டத்தில் இரண்டு முறை திருத்தம் இந்தக் கட்டணத்திலேயே அடங்கும். ஃபைனலுக்குப் பிறகு கதையில் மாற்றம் வந்தால் அந்தப் படத்துக்குத் தனிக் கட்டணம். முன்பணம் 30 சதவீதம், ரஃப் முடிந்ததும் 30, மீதி ஃபைனல் கொடுத்த 30 நாளுக்குள். வேலை நடுவில் நின்றால் அதுவரை முடித்த கட்டத்துக்கான பணம் திருப்பித் தரப்படாது. தமிழ், ஆங்கிலப் பதிப்புகளில் அச்சிலும் மின்னூலிலும் 5 ஆண்டு பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு. காப்புரிமை என்னிடம் இருக்கும். அட்டையில் என் பெயர் வரும். நீங்கள் அட்டையை அறிவித்த பிறகு, அதிகபட்சம் நான்கு ஸ்ப்ரெட்டும் ரஃப்களும் என் போர்ட்ஃபோலியோவிலும் சமூக ஊடகத்திலும் காட்டிக்கொள்வேன். எனக்கு 10 பிரதிகள்."

எண்களும் நிபந்தனைகளும் வேலைக்கு வேலை மாறும். சின்னப் பதிப்பகம் முன்பணம் குறைவாகத் தரும், பெரிய நிறுவனம் தன் ஒப்பந்தப் படிவத்தையே அனுப்பும். எப்படியிருந்தாலும் காட்டிக்கொள்வது பற்றிய அந்த வரி போய்விடக் கூடாது. கேட்டால் பெரும்பாலான பதிப்பகங்கள் ஒத்துக்கொள்ளும். அவர்களுக்கும் அது விளம்பரம்தானே. 'வெளியே காட்டவே கூடாது' என்பவர்களிடம், ஆறு மாதம் கழித்துக் காட்டலாமா, அதுவும் இல்லையென்றால் கேட்பவருக்குத் தனியாக அனுப்பும் பிடிஎஃப்பில் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். எதற்குமே ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கட்டணத்தை ஏற்றிச் சொல்வது நியாயம் என்பது என் கட்சி. அந்த வேலை உங்களுக்கு அடுத்த வேலையைக் கொண்டுவராதே.

இதையெல்லாம் எழுத்தில் வைக்கச் சொல்வதற்குச் சட்டரீதியான காரணமும் இருக்கிறது. வரைந்தவர்தான் முதல் உரிமையாளர் என்பதுதான் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் பொது விதி. ஆனால் அதே பிரிவு 17-இல் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியம், உருவப்படம் ஆகியவற்றுக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுவார். 'நான்தானே வரைந்தேன்' என்ற நம்பிக்கையில் ஒன்றும் எழுதாமல் விட்டால் வாதம் அவர் பக்கம் சாயும். ஆகவே 'காப்புரிமை என்னிடம்' என்ற இரண்டு சொல் அவசியம்.

உரிமையை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் அது கையெழுத்திட்ட ஆவணமாக இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு எல்லாம் அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாமல் விட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும், 'இது நான் வரைந்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், பெயரைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் பிரிவு 57-இன்படி உங்களிடமே இருக்கும்.

இன்னொரு வகை உரிமமும் உண்டு. குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. உங்கள் படத்தை யார் வேண்டுமானாலும், பெயர் குறிப்பிட்டு, வேறு கதைக்குக்கூடப் பயன்படுத்தலாம். இதனால் பெயர் பல மொழிகளில் பரவும். ஆனால் அதே படத்தைப் பிறகு வேறொருவருக்குத் 'தனி உரிமை' என்று விற்க முடியாது. தெரிந்தே கையெழுத்துப் போட்டால் தவறில்லை.

3. வரையும்போதே எடுத்துவையுங்கள்

ஆசிரியர்கள் ஃபைனல் படத்தைவிட ரஃபை ஆர்வமாகப் பார்ப்பார்கள். எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அதில்தான் தெரியும். அதனால் கட்டைவிரல் அளவு ஓவியங்களை நோட்டுப் புத்தகத்தில் போட்டாலும் அன்றே ஸ்கேன் செய்யுங்கள். புரோகிரியேட் செயலியில் வரைந்தால் டைம்லாப்ஸ் (வரைவதன் வேக வீடியோ) தானாகப் பதிவாகும்; கிருதா மாதிரி இலவச மென்பொருளிலும் பதிவுசெய்ய வழி இருக்கிறது. கோப்புப் பெயரில் புத்தகம், பக்கம், கட்டம், தேதி இருக்கட்டும். 'ஃபைனல்_ஃபைனல்_புதுசு_3' என்று வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடிப் பாருங்கள், தெரியும்.

ஒரு படத்தில் என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்பதை இரண்டு வரியாக அப்போதே குறித்துக்கொண்டால், பதிவு எழுதும்போது சொல்ல விஷயம் இருக்கும். கடலோரத்தில் ஆமை முட்டையிட வருகிற இரவைப் பற்றிய கதை என்று வைத்துக்கொள்வோம். திரையில் பளீரென்ற நீலத்தில் இரவு அருமையாக இருக்கும். அச்சுக்கான நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றியதும் அந்த நீலம் செத்துப்போய்க் கொஞ்சம் ஊதாவாகத் திரும்பும். காகிதம் மேட் என்றால் ஆமை முழுவதும் இருட்டில் கரைந்துவிடும். ஆகவே முதலிலிருந்தே அச்சு வண்ணத்தில் வேலை செய்து, இரவை நீலமும் பச்சையும் கலந்த நடுத்தர அடர்த்தியில் வைத்து, ஆமையின் ஓட்டு விளிம்பில் மட்டும் நிலா வெளிச்சம் விழ விட்டு, அச்சகத்திலிருந்து ஒரு டெஸ்ட் பிரிண்ட் வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தக் கதையைச் சொன்னால் போதும், அச்சைப் பற்றித் தெரிந்த ஓவியர் என்பது பார்க்கிற ஆசிரியருக்கு விளங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அவருக்கும் அரிது.

அதே மாதிரி இன்னொன்று எழுத்துக்கு விடும் இடம். தூலிகா போன்ற சென்னைப் பதிப்பகங்கள் ஒரே படப் புத்தகத்தை ஒன்பது மொழிகளில் கொண்டுவருகின்றன. ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடிகிற வாசகம் தமிழிலும் மலையாளத்திலும் நாலு வரி ஓடும். வானத்திலோ மணலிலோ தாராளமாக இடம் விட வேண்டும். கடைப் பெயர்ப் பலகை, பஸ் போர்டு போன்ற எழுத்துகளைப் படத்தோடு சேர்த்து வரையாமல் தனி லேயரில் வைத்தால் மொழி மாற்றும்போது உங்களைத் திட்டமாட்டார்கள். போர்ட்ஃபோலியோவில் ஒரே ஸ்ப்ரெட்டை இரண்டு மொழியில் காட்டுங்கள். பேசாமலே பாதி பேச்சுவார்த்தை முடிந்துவிடும்.

அளவு விஷயம் சுருக்கமாக: அச்சுக்கு 300 டிபிஐ, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (அச்சகத்தில் வெட்டும்போது போகிற ஓரம்). ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல், ப்ளீட் அதற்கு வெளியே. ஸ்ப்ரெட்டின் நடு மடிப்பில் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. எப்போது சொல்வது, என்ன சொல்வது

பதிப்பகம் அட்டையை அறிவிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. தெரிந்தவர் பதிப்பகம் என்றாலும் 'எப்போது போடலாம்?' என்று ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகக் காட்சியில் வெளியிடத் திட்டமிட்டு எடுத்துவைத்திருப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு போட்டால் அவர்களுடைய ஒரு நாள் செய்தி போய்விடும், உங்கள் மேல் நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

புத்தகம் வந்ததும் அச்சிட்ட பிரதியைப் படம் எடுங்கள். ஜன்னல் ஓரம், காலை வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். திரையில் இருக்கும் கோப்பைவிடக் கையில் பிடித்த புத்தகம் நம்பகமாக இருக்கும். இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் 20 படம் வரை போடலாம் என்பதற்காகப் புத்தகம் முழுவதையும் போட்டுவிடாதீர்கள். அட்டை, இரண்டு மூன்று உள்பக்கம், ஒரு ரஃப், ஒரு நெருக்கப் படம் போதும்.

எழுத்தும் படம் அளவுக்கு முக்கியம். 'மிக்க மகிழ்ச்சி, ஆதரவு தாருங்கள்' என்பதில் தகவலே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"கடலாமைகளைப் பற்றிய 24 பக்கப் படப் புத்தகம், 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு. அட்டையும் உள்ஓவியங்களும் என்னுடையவை. கதை முழுவதும் ஒரே இரவில் நடப்பதால் இருட்டைக் கறுப்பில்லாமல் காட்டுவதுதான் சவாலாக இருந்தது. மூன்றாவது படத்தில் முதல் முயற்சியும் முடிவில் வந்ததும் இருக்கின்றன. பென்சிலில் வரைந்து, டிஜிட்டலில் வண்ணம் சேர்த்தேன். டிசம்பர் முதல் புதிய வேலைகள் எடுத்துக்கொள்கிறேன். மின்னஞ்சல் பக்கத்தின் மேலே இருக்கிறது."

இதற்குக் கீழே எழுத்தாளர், ஆசிரியர், வடிவமைப்பாளர், பதிப்பகம் என்று எல்லார் பெயரையும் டேக் செய்யுங்கள். வடிவமைப்பாளரை விட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அடுத்த புத்தகத்துக்கு ஓவியரைப் பரிந்துரைப்பவர் பல சமயம் அவர்தான், அதற்காகவாவது விடாதீர்கள்.

5. போர்ட்ஃபோலியோ

பதினைந்து படம் போதும். இருபதைத் தாண்டினால் பலவீனமான படம் ஒன்று எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். குழந்தைகள் புத்தகம் வேண்டுமென்றால் குழந்தைகள் புத்தகப் படங்கள். நடிகர் முகங்களை எடுத்துவிடுங்கள். பிஹான்ஸ், இன்ஸ்டாகிராம், சொந்தத் தளம் எதுவானாலும் சரி, மின்னஞ்சல் முகவரி தேடாமல் கண்ணில் படட்டும். கூடவே 10 எம்பிக்குள் ஒரு பிடிஎஃப் தயாராக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் கேட்டால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கி, கோடுகளை மங்கலாக்கிவிடும். ஆசிரியர் பார்ப்பது அந்த மங்கலைத்தான்.

புதிய வேலை வரும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்து ஒன்றை எடுங்கள்.

6. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம்

சமூக ஊடகத்தில் யாருக்கு எது தெரிகிறது என்பது நம் கையில் இல்லை. மின்னஞ்சல் அப்படியல்ல. ஏற்கெனவே வேலை கொடுத்தவர்கள், நேரில் சந்தித்த ஆசிரியர்கள், 'படங்கள் அனுப்புங்கள்' என்று சொன்னவர்கள் ஆகியோருக்கு மட்டும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் அள்ளிப் போடாதீர்கள். எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரியாமல் பிசிசி-யில் போடுங்கள். 'இனி வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள்' என்பதும் கடைசியில் இருக்கட்டும்.

கடிதம் செல்போன் திரையில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். என்ன முடித்தேன், இப்போது என்ன செய்கிறேன், எப்போது கை காலியாகும்; மூன்று படம். 'எப்போது கை காலியாகும்' என்பதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

எப்போது அனுப்புவது என்பதில்தான் சூட்சுமம். தமிழ்ப் பத்திரிகைகளின் தீபாவளி மலருக்குப் படம் கொடுப்பது பண்டிகைக்கு ஓரிரு மாதம் முன்பே பேசி முடிகிற காரியம்; ஜூலை கடைசியில் கடிதம் போனால் சரியாக இருக்கும். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அட்டைப்பட வேலை எல்லாருக்கும் தலைக்கு மேல் இருக்கும். அதற்கு முந்தைய கடிதம் செப்டம்பரில் போக வேண்டும். ஜனவரி முதல் பாதியில் எந்தப் பதிப்பாளரும் மின்னஞ்சல் பார்க்க மாட்டார். அப்போது காட்சி நடக்கும் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கு நேரில் போய் அரங்கு அரங்காக யார் எந்த மாதிரிப் படம் போடுகிறார்கள் என்று பார்த்து வாருங்கள். கூட்ட நேரத்தில் போர்ட்ஃபோலியோவை நீட்டாதீர்கள். வார நாளில் மதியம் மூன்று மணிக்கு அரங்கில் ஆள் குறைவு, பேசலாம்.

7. பரிசு, கண்காட்சி, மற்ற நல்ல செய்திகள்

குழந்தைகள் புத்தக ஓவியர்களுக்கு உலகில் பெரிய இடம் இத்தாலியில் பொலோனியா புத்தகச் சந்தை. அங்கே ஆண்டுதோறும் ஓவியர் கண்காட்சி நடக்கிறது. ஐந்து படங்கள் கொண்ட தொகுப்பாக அனுப்ப வேண்டும். தேர்வாகாவிட்டாலும், ஒரே கருவில் ஐந்து படம் முடித்த கையோடு உங்கள் போர்ட்ஃபோலியோ பலமாகிவிடும். பக்கத்தில் என்றால், தமிழக அரசு 2023-இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்கு வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் வருகிறார்கள். 2024-இல் காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழாவும் சென்னைக்கு வந்துவிட்டது. அச்சுப் பிரதியும் ஸ்டிக்கரும் விற்று முகம் தெரிந்துகொள்ள அது நல்ல இடம்.

இறுதிப் பட்டியலில் வந்தால் 'இறுதிப் பட்டியல்' என்றே சொல்லுங்கள், 'விருது' என்று ஏற்றிச் சொல்ல வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு கேடயம் தரும் அமைப்புகள் நிறைய இருக்கின்றன. நுழைவுக் கட்டணம், விழாக் கட்டணம், புகைப்படக் கட்டணம் என்று வரிசையாகக் கேட்டால் அந்தச் செய்தி உங்கள் கடிதத்துக்கு வேண்டாம்.

8. பணம் வரவில்லை என்றால்

பணம் தராதவரைப் பற்றி ஆத்திரத்தில் பதிவு போடத் தோன்றும். போட்டால் கைதட்டல் கிடைக்கும், பணம் கிடைக்காது. அடுத்து வேலை தர இருந்தவரும் யோசிப்பார். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவை அரசுத் தளத்தில் ஆதார், பான் எண்ணோடு இலவசமாகச் செய்துகொள்ளலாம். அந்த எண்ணை உங்கள் பில்லில் அச்சிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி சிறு, குறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும். பில்லில் அந்த எண்ணைப் பார்த்தாலே பல காசோலைகள் நகர்ந்துவிடும்.

மற்ற கணக்கு: ஒரு நிறுவனம் உங்களுக்கு ஓர் ஆண்டில் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20. அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து, வரி அதைவிடக் குறைவாக இருந்தால் திரும்ப வாங்கலாம். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிநாட்டு வேலை வந்ததும் ஒரு ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.

9. திருட்டும் ஏஐ-யும்

இணையத்தில் போட்டது திருடு போகும். சின்ன அளவில் போடுங்கள். கையெழுத்தை ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், படத்தின் உள்ளேயே எங்காவது ஒரு மடிப்பில் போடுங்கள். டி-ஷர்ட்டில் உங்கள் படத்தைப் பார்த்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, தேதி. பிறகு அந்தத் தளத்தின் காப்புரிமைப் புகார்ப் படிவம். ரஃப்களைத் தேதியோடு வைத்திருந்தால் நீங்கள்தான் வரைந்தவர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். காப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. செய்ய விரும்பினால் ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய்.

ஏஐ படப் பயிற்சிக்கு எதிராகச் சிகாகோ பல்கலைக்கழகம் உருவாக்கிய கிளேஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. படத்தைக் கண்ணுக்கு அதிகம் தெரியாத அளவில் மாற்றிவிடும். முழுப் பாதுகாப்பு என்று அதை நம்பிவிட முடியாது. ஒப்பந்தத்தில் 'இந்தப் படங்களை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற வரியைச் சேர்க்கக் கேளுங்கள். அதேபோல, நீங்கள் எந்தக் கட்டத்திலாவது ஏஐ பயன்படுத்தினால் வேலை கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் விளக்கம் எடுபடாது.

10. பதில் வராதபோது

பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள் என்று எதிர்பார்த்தாலே அதிகம். பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கையில் ஓவியம் தேவைப்படும் கதை இல்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை, புதிய படம் ஒன்றோடு, நாலு வரி எழுதுங்கள். 'என் மெயில் பார்த்தீர்களா?' என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அவர் பெயரை மூன்று மாதப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு, மேசையில் இருக்கிற வேலையைப் பாருங்கள்.